இறந்தவர்கள் கட்டிய தேவாலயம்: குளூனி எழுந்த கதையும் விழுந்த கதையும்

புதுச்சேரிக்காரர்களுக்குக் குளூனி என்ற பெயர் புதிதல்ல. பள்ளிக்கூடம், மருத்துவமனை, பெண்கள் உட்கார்ந்து பூவேலை செய்யும் தையற்கூடம் என்று ஊரில் பல இடங்களில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1827இல் பிரான்ஸிலிருந்து கப்பலேறி வந்த குளூனி புனித சூசையப்பர் சபைக் கன்னியர் கொண்டுவந்த பெயர் அது. ஆனால் குளூனி என்பது ஆளின் பெயரா, ஊரின் பெயரா என்று கேட்டால் பலருக்குச் சட்டென்று பதில் வராது.

ஊர்தான். பிரான்ஸின் பர்கண்டிப் பகுதியில், மாக்கோன் நகரத்துக்கு வடமேற்கே, ஒரு சின்ன ஆற்றின் கரையில் இருக்கும் சின்ன ஊர். நம் கணக்கில் ஒரு பெரிய கிராமம் என்று சொல்லலாம். அந்த ஊரின் துறவு மடத்தில்தான் 12ஆம் நூற்றாண்டு முதல் ஏறக்குறைய 400 ஆண்டுகள் கிறிஸ்தவ உலகின் ஆகப் பெரிய தேவாலயம் நின்றது. ரோமில் இன்று நாம் பார்க்கும் புனித பேதுரு பேராலயம் எழும்பும்வரை அதற்கு ஈடு கிடையாது. முகமண்டபத்தையும் சேர்த்து அதன் நீளம் 187 மீட்டர். கூரையின் உட்புற உயரம் 30 மீட்டர், அதாவது பத்து மாடி. இன்று அங்கே போனால் பத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

கட்டியது யார் என்று கேட்டால் மடாதிபதி ஹியூ, ஸ்பெயின் அரசர் அல்போன்சோ என்று பெயர்களைச் சொல்லலாம். எனக்கென்னவோ இறந்துபோனவர்கள்தான் கட்டினார்கள் என்று தோன்றுகிறது. அவர்களைப் பற்றிய கவலை கொண்டுவந்த பணத்தில் எழுந்த கட்டடம் இது. பின்னாளில் மடத்தின் களஞ்சியத்தைக் காலி செய்ததில் பெரும் பங்கும் அதே கவலைக்குத்தான்.

நவம்பர் 2ஆம் தேதி நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் குடும்பத்தோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போய், புல் செதுக்கி, பூமாலை சாத்தி, மெழுகுவத்தி ஏற்றிவைக்கிறார்கள் அல்லவா, அந்தக் கல்லறைத் திருநாளுக்குத் தேதி குறித்தது குளூனி. 994 முதல் 1049 வரை அங்கே மடாதிபதியாக இருந்த ஓடிலோ, எல்லாப் புனிதர்களின் திருநாளுக்கு மறுநாள் இறந்த விசுவாசிகள் அனைவருக்காகவும் மன்றாட வேண்டும் என்று தன் ஆளுகைக்குள் இருந்த மடங்களுக்கு ஆணை போட்டார். அது மெல்ல மெல்லத் திருச்சபை முழுவதற்கும் பரவியது.

ஓடிலோவின் வரலாற்றை எழுதியவர்கள் இதற்கு ஒரு கதையும் சொல்கிறார்கள். ஜெருசலேமுக்குத் திருயாத்திரை போய்த் திரும்பிய ஒருவரின் கப்பல் ஒரு தீவில் ஒதுங்கியது. அங்கே தனியாக வாழ்ந்த தவசி ஒருவர், 'பக்கத்தில் நெருப்புக் கக்கும் இடம் இருக்கிறது, அதற்குள்ளிருந்து பேய்கள் ஓலமிடுவது எனக்குக் கேட்கும். குளூனித் துறவிகளின் ஜெபத்தால் ஆன்மாக்கள் நம் கையைவிட்டு நழுவிப் போகின்றனவே என்றுதான் அவை புலம்புகின்றன' என்றாராம். இதைவிட நல்ல விளம்பரம் ஒரு மடத்துக்குக் கிடைக்குமா? எதிர்த்தரப்பே கொடுத்த சான்றிதழ்!

இந்த எண்ணம் ஓடிலோ காலத்தில் திடீரென்று முளைத்ததல்ல. அக்கித்தேன் பிரபு வில்லியம் 910இல் மடத்துக்கு நிலம் எழுதிக்கொடுத்த சாசனத்திலேயே அது இருக்கிறது. செத்துப்போன அரசர், தன் தாய் தந்தை, தான், தன் மனைவி ஆகியோரின் ஆன்மாக்களுக்காக இந்தச் சொத்தைக் கொடுப்பதாக அதில் எழுதியிருக்கிறார். குளூனி அப்போது அவருடைய வேட்டை மாளிகை. முதல் மடாதிபதி பெர்னோ வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இந்த இடம்தான் வேண்டும் என்றாராம். என் வேட்டைநாய்களை எங்கே கொண்டுபோவது என்று பிரபு இழுத்தபோது, நாய் குரைப்பதால் உமக்குப் புண்ணியமா, துறவிகள் ஜெபிப்பதால் புண்ணியமா என்று பெர்னோ கேட்டதாகக் கதை. கதையை விடுங்கள், சாசனத்தின் நிபந்தனைதான் முக்கியம். அந்தக் காலத்தில் மடம் கட்டிக்கொடுத்த பிரபு அதைத் தன் வீட்டுச் சொத்துபோல நடத்துவார். தம்பியையோ மச்சானையோ மடாதிபதியாக உட்காரவைப்பார். விளைச்சலில் பங்கும் கேட்பார். வில்லியம் அந்த உரிமையைத் தானே அறுத்துவிட்டார். நானோ என் உறவினரோ அரசரோ ஆயரோ யாரும் இதில் கைவைக்கக் கூடாது, சொத்து பேதுருவுக்கும் பவுலுக்கும் சொந்தம், பாதுகாப்பு போப்பாண்டவர் பொறுப்பு என்று எழுதினார். அதற்கு ஈடாக ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை ரோமில் உள்ள அப்போஸ்தலர் ஆலயத்துக்கு விளக்கெரிக்க 10 காசு அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். மீறுகிறவன் யூதாசோடு நரகத்தில் கிடப்பான் என்று சாபமும் போட்டுவைத்தார்.

ரோம் தூரத்தில் இருந்தது. அக்காலத்துப் போப்பாண்டவர்களுக்குத் தங்கள் ஊரிலேயே தலைக்குமேல் தொல்லை. ஆகவே நடைமுறையில் குளூனிக்கு மேலாளர் என்று யாரும் இல்லை. அப்புறம் மடாதிபதிகளின் ஆயுள் என்ற அதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. ஓடிலோ 55 ஆண்டு, அவருக்குப் பின் ஹியூ 60 ஆண்டு. இரண்டே பேர் சேர்ந்து 115 ஆண்டு ஆண்டார்கள்! கொள்கை மாறவில்லை, உறவுகள் அறுபடவில்லை. ஐரோப்பா முழுவதும் மற்ற மடங்கள் ஒவ்வொன்றாகக் குளூனியின் கீழ் வந்தன. பழைய வழக்கப்படி ஒவ்வொரு மடமும் தனி வீடு. குளூனியோ அத்தனைக்கும் ஒரே மடாதிபதி என்று வைத்தது. 12ஆம் நூற்றாண்டில் இப்படி அதன் குடையின் கீழ் இருந்த வீடுகள் ஆயிரத்தைத் தாண்டும்.

இவ்வளவு பேர் ஏன் குளூனியைத் தேடி வந்தார்கள்? ஜெபத்தில் அவர்களை மிஞ்ச ஆள் இல்லை என்ற பேர்தான் காரணம். துறவு மடங்களுக்குச் சட்டம் வகுத்த ஆசீர்வாதப்பர், விவிலியத்தின் துதிப்பாடல்களான 150 சங்கீதங்களையும் ஒரு வாரத்தில் பாடி முடிக்கச் சொல்லியிருந்தார். குளூனியில் ஒரே நாளில் பாடும் சங்கீதங்கள் அந்த எண்ணிக்கையைத் தாண்டின. வயல் வேலை, கை வேலை எல்லாம் பெயரளவுக்குச் சுருங்கின. விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி பாட்டிலும் பூசையிலும் போனது. மற்ற நேரம் மௌனம். உணவறையிலும் உறங்கும் கூடத்திலும் வாய் திறக்கக் கூடாது என்பதால் சைகைகளுக்கென்று தனி அகராதியே வைத்திருந்தார்கள். இரண்டு கைகளின் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டினால் ரொட்டி. உள்ளங்கையை வால்போல ஆட்டினால் மீன். பக்கம் புரட்டுவதுபோலக் கையை அசைத்தால் புத்தகம். அந்தப் புத்தகம் கிறிஸ்தவர் அல்லாத பழைய ரோமப் புலவருடையது என்றால், நாய் காலால் காதைச் சொறிவதுபோல விரலால் காதைச் சொறிந்து காட்ட வேண்டும்! கிண்டல்தான். ஆனாலும் அப்படிப்பட்ட புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கிறவர்கள் உள்ளே இருந்ததால்தானே சைகையும் தேவைப்பட்டது.

சாவு வரும்போது மட்டும் இந்த ஒழுங்கு குலையும். ஒரு துறவிக்குக் கடைசி நேரம் என்று தெரிந்தால் தரையில் சாக்குத்துணி விரித்துச் சாம்பலைத் தூவி அவரை அதில் கிடத்துவார்கள். மரப்பலகையைத் தட்டி ஓசை எழுப்புவார்கள். எப்போதும் நிதானமாக நடக்கும் துறவிகள் எந்த வேலையில் இருந்தாலும் போட்டுவிட்டு, விசுவாச அறிக்கையைச் சொல்லிக்கொண்டே ஓடிவருவார்கள். தனியாகச் சாக யாரையும் விடுவதில்லை. இறந்த பிறகு 30 நாள் அவர் பெயரில் பூசை நடக்கும். அந்த 30 நாளும் அவருடைய சாப்பாட்டுப் பங்கு ஒரு ஏழைக்குப் போகும். அதோடு முடிவதில்லை. பெயர் இறந்தோர் ஏட்டில் ஏறும், ஆண்டுதோறும் நினைவுநாளில் வாசிக்கப்படும், அன்றும் ஓர் ஏழைக்கு அவர் பங்கு கிடைக்கும். இந்தக் கடைசி ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

இப்போது கட்டடத்துக்கு வருவோம். முதல் ஆலயம் சிறியது. இரண்டாவது 981இல் அர்ச்சிக்கப்பட்டது (வழிபாட்டுக்கென்று புனிதப்படுத்தப்பட்டது), அதுவும் நல்ல கட்டடம்தான். ஆனால் ஹியூவின் காலத்தில் கூட்டம் அதற்குள் அடங்கவில்லை. 1088இல் மூன்றாவது ஆலயத்துக்கு வேலை தொடங்கியது. இதற்கும் கனவு ஒன்று உண்டு. கன்சோ என்று ஒரு முதிய துறவி கைகால் விழுந்து மருத்துவ அறையில் படுத்திருந்தார். கனவில் பேதுரு வந்தார் (நம் ஊர்ப் பழைய வழக்கில் இராயப்பர்). கூடவே பவுலும் ஸ்தேவானும். இடம் போதவில்லை, புதிய கோயில் கட்டச் சொல்லி மடாதிபதியிடம் சொல் என்றார் பேதுரு. வெறும் கட்டளையோடு விடவில்லை. மூன்று பேரும் கயிறு பிடித்துத் தரையில் நீள அகலத்தை அளந்து காட்டினார்களாம். 12ஆம் நூற்றாண்டுக் கடைசியில் எழுதிய ஒரு சுவடியில் இந்தக் காட்சியை வரைந்திருக்கிறார்கள். கட்டிலில் கிழவர், அவர் எதிரே புனிதர்கள் கொத்தனார் மாதிரி கயிறும் கையுமாக நிற்கிறார்கள். இவ்வளவு பெரிய செலவுக்குக் கணக்குக் கேட்பவர்களிடம் காட்ட இதைவிட நல்ல சீட்டு வேறு இல்லை.

ஏன் இவ்வளவு பெரிதாக? பெருமைக்காக என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம், அதில் உண்மையும் உண்டு. ஆனால் தரைப்படத்தை எடுத்து வைத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. தொடக்ககாலத் துறவிகளில் பெரும்பாலோர் குருக்கள் அல்ல. இறந்தவர்களுக்காகப் பூசை வேண்டும் என்ற தேவை பெருகப் பெருக, துறவிகள் குருப்பட்டம் பெறுவது வழக்கமானது. குருக்கள் பெருகினால் ஒவ்வொருவரும் பூசை வைக்கப் பீடம் வேண்டும். ஒரே பீடத்தில் நாளெல்லாம் வரிசையில் நிற்க முடியாதே. அதனால்தான் குளூனியில் குறுக்கு மண்டபம் ஒன்றல்ல, இரண்டு. அவற்றின் கிழக்குச் சுவரில் வரிசையாகச் சிற்றாலயங்கள். தலைப்பீடத்தைச் சுற்றி வரும் நடைபாதையில் விசிறிபோல விரியும் ஐந்து சிற்றாலயங்கள். இப்படி மடங்களின் கட்டட அமைப்பையே மாற்றியது இறந்தோர் ஏட்டின் நீளம்.

கூரை விஷயமும் கவனிக்க வேண்டியது. மரக்கூரை போட்டிருந்தால் வேலை எளிது, ஆனால் தீப்பிடிக்கும், பாட்டொலியும் மரத்தில் அமுங்கிவிடும். கல்லால் வளைத்த நீள்கூரைக்குக் கீழே நூற்றுக்கணக்கான ஆண்குரல்கள் ஒரே சுருதியில் சங்கீதம் பாடும்போது ஒலி சுவரில் மோதித் திரும்பி, அடுத்த வரி தொடங்கும்வரை அந்தரத்தில் நிற்கும். நாளெல்லாம் பாடுவதையே வேலையாகக் கொண்டவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். சிக்கல் என்னவென்றால் வளைந்த கல்கூரை தன் எடையால் இரு பக்கச் சுவர்களையும் ஓயாமல் வெளியே தள்ளும். 30 மீட்டர் உயரத்தில் அந்தத் தள்ளுதலைத் தாங்க வேண்டும். குளூனிக் கொத்தர்கள் அரைவட்ட வளைவை விட்டு, நுனி சற்றுக் கூர்ந்த வளைவுக்குப் போனார்கள். கூர்வளைவு எடையைக் கொஞ்சம் செங்குத்தாகக் கீழே இறக்கும், பக்கவாட்டுத் தள்ளுதல் குறையும். பிற்காலக் கோதிக் பேராலயங்களின் அடையாளமாகிவிட்ட அந்தக் கூர்வளைவு, கோதிக் பாணி பிறப்பதற்கு அரை நூற்றாண்டு முன்பே இங்கே வரிசைகட்டி நின்றது.

சரி, பணம்? இங்கேதான் கதை ஸ்பெயினுக்குத் திரும்புகிறது. லியோன் நாட்டு அரசர் முதலாம் பெர்னாண்டோ ஆண்டுக்கு 1,000 பொற்காசு குளூனிக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அவர் மகன் ஆறாம் அல்போன்சோவை 1072இல் சொந்த அண்ணனே தோற்கடித்துச் சிறையில் போட்டான். குளூனித் துறவிகளின் ஜெபத்தால்தான் வெளியே வந்தேன் என்று அல்போன்சோ நம்பினார். 1077இல் காணிக்கையை 2,000 ஆக்கினார். அதுவரை எந்த அரசரும் குளூனிக்கு இவ்வளவு கொடுத்ததில்லை. 1085இல் தொலேதோ நகரம் அவர் கைக்கு வந்தபின் தனியாக ஒரு பெரிய தொகையும் போனது. பதிலுக்கு அவருக்குக் கிடைத்தது ஜெபம். அவர் பெயரில் நாள்தோறும் பாட்டு உண்டு, மடத்துப் பந்தியில் ஓர் ஏழைக்குச் சாப்பாடும் உண்டு. உயிரோடு இருக்கும்போதே இறந்த பிறகுக்கும் சேர்த்து ஏற்பாடு.

அந்தப் பொற்காசு அல்போன்சோவின் சுரங்கத்தில் விளைந்ததல்ல. ஸ்பெயினின் தெற்கே சிதறிக் கிடந்த சிறிய முஸ்லிம் அரசுகள், படையெடுத்து வராதே என்று கட்டிய கப்பம் அது. அரபு எழுத்துப் பொறித்த தங்கம் மலை தாண்டிப் பர்கண்டிக்கு வந்து சுண்ணாம்புக்கல்லாகவும் கொத்தர் கூலியாகவும் மாறியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நூறு ஆண்டுக்கு முன்னால், 972இல், குளூனி மடாதிபதி மயோலஸை ஆல்ப்ஸ் கணவாயில் முஸ்லிம் படையினர் பிடித்துவைத்தபோது, மடம் 1,000 பவுண்டு வெள்ளி கொடுத்து அவரை மீட்டது. போன வெள்ளி வட்டியோடு பொன்னாகத் திரும்பி வந்தது என்று எந்தத் துறவியாவது கணக்குப் போட்டிருப்பார்.

1095 அக்டோபர் 25ஆம் தேதி இரண்டாம் அர்பன் போப்பாண்டவர் நேரில் வந்து தலைப்பீடத்தை அர்ச்சித்தார். அவருக்கு அது தாய்வீடு மாதிரி. முன்பு குளூனியில் துறவியாக இருந்து, மடத்தின் துணைத்தலைவர்வரை உயர்ந்தவர் அவர். இங்கிருந்து கிளம்பி அடுத்த மாதம் கிளேர்மோன் என்ற ஊரில் பேசிய பேச்சில்தான் முதல் சிலுவைப்போருக்கு அழைப்பு விடுத்தார்.

பீடம் தயார், ஆனால் வேலை முடியவில்லை. ஸ்பெயினிலிருந்து வரும் பொன்னும் தடுமாறத் தொடங்கியது. வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முராபித்துகள் 1086இல் அல்போன்சோவைப் போரில் தோற்கடித்து, கப்பம் கட்டிய அரசுகளையும் ஒவ்வொன்றாக விழுங்கினார்கள். ஊற்று வறண்டது. ஹியூ 1109இல் இறந்தார். அடுத்து வந்த போன்ஸுக்குச் செலவு செய்யத் தெரிந்த அளவுக்குச் சமாளிக்கத் தெரியவில்லை. 1122இல் பதவியை விட்டுவிட்டு ஜெருசலேமுக்குப் போனார். பீட்டர் என்ற இளைஞர் மடாதிபதியானார். 1125இல் நடந்ததை நம்பவே கஷ்டமாக இருக்கும். பீட்டர் வெளியூர் போயிருந்த சமயம் பார்த்துப் போன்ஸ் ஆயுதக்காரர்களோடு திரும்பிவந்து மடத்தைக் கைப்பற்றினார். கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்கக் கோயிலின் பொன் வெள்ளிப் பாத்திரங்களை உருக்கினார். அந்த ஆண்டே ஆலயத்தின் நடுக்கூடக் கூரையில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. கடவுளின் கோபம் என்று எழுதிவைத்தார்கள். கூர்வளைவையும் மீறிய தள்ளுதல் என்று பொறியாளர்கள் சொல்வார்கள். போன்ஸை ரோமுக்கு இழுத்துப்போய்ச் சபைநீக்கம் செய்தார்கள். மறு ஆண்டு காவலிலேயே இறந்தார். கூரையைச் செப்பனிட்டு, 1130 அக்டோபரில் இரண்டாம் இன்னொசென்ட் போப்பாண்டவர் ஆலயத்தை முறைப்படி அர்ச்சித்தார். மேற்கே முகமண்டபம் முடிய இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் ஆனது.

இதே நாட்களில்தான் எதிர்க்குரலும் உரத்துக் கேட்டது. சிஸ்தேர்சியன் துறவிகள் குளூனியின் பகட்டை விட்டு விலகிக் காட்டில் மண்வெட்டியோடு வாழ்ந்தவர்கள். அவர்களில் பெரிய தலையான கிளேர்வோ பெர்னார்டு ஒரு நீண்ட கண்டன மடல் எழுதினார். கோயிலின் கற்களுக்குப் பொன்னாடை, கோயிலின் பிள்ளைகளுக்கோ உடுக்கத் துணியில்லை என்பது அதன் சாரம். சாப்பாட்டையும் விட்டுவைக்கவில்லை. இறைச்சி தின்னக் கூடாது என்ற விதியைக் காப்பாற்றிக்கொண்டே முட்டையை எத்தனை விதமாகச் சமைக்கிறார்கள் பாருங்கள், பொரித்து, அவித்து, கலக்கி, உள்ளே பூரணம் வைத்து என்று அவர் அடுக்கும் இடம், திட்டுகிறாரா பசியோடு எழுதினாரா என்று சந்தேகப்பட வைக்கும்.

ஆனால் உள்ளுக்குள் மடத்தை அரித்தது முட்டை அல்ல, நினைவுநாள் சாப்பாடு. ஒவ்வொரு துறவியின் நினைவுநாளிலும் ஓர் ஏழைக்கு ஒரு பங்கு என்று பார்த்தோமே. ஆண்டுக்கு நாட்கள் 365தான். இறந்தவர்களோ ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போவார்கள், குறையவே மாட்டார்கள். குளூனியில் இறந்தவர்கள் மட்டுமல்ல, கிளை மடங்களில் இறந்தவர்களும் அதே ஏட்டில். இருநூறு ஆண்டில் ஒவ்வொரு நாளும் சமையலறையிலிருந்து உயிரோடு இருப்பவர்களின் பங்கோடு போட்டிபோடும் அளவுக்கு இறந்தவர்களின் பங்கு வெளியே போனது. பீட்டர் கணக்கைப் பார்த்தார். நாள் ஒன்றுக்கு இறந்தோர் பெயரில் 50 பங்குக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று வரம்பு கட்டினார். இல்லாவிட்டால் இறந்தவர்கள் பெருகிப் பெருகி உயிரோடு இருப்பவர்களை மடத்தைவிட்டே துரத்திவிடுவார்கள் என்று காரணமும் சொன்னார். குளூனியைப் பற்றிப் படித்ததில் என் மனதைவிட்டு அகலாத இடம் இதுதான். கொடுத்த வாக்கை மீற மனமில்லை, காப்பாற்ற வழியில்லை. அதைச் சொல்லிவிட்டார் மனிதர்.

பீட்டரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லலாம். பிற்காலம் அவரை 'வணக்கத்துக்குரியவர்' என்ற அடைமொழியோடுதான் அழைத்தது. எல்லோரும் கைவிட்ட தத்துவ அறிஞர் அபெலாருக்கு அடைக்கலம் கொடுத்தவர் இவர். அபெலார் 1142இல் குளூனியின் கிளை மடம் ஒன்றில்தான் இறந்தார். அதே ஆண்டு பீட்டர் ஸ்பெயினுக்குப் போனார். பாக்கி வசூலும் அந்தப் பயணத்தின் ஒரு வேலை. தாத்தா அல்போன்சோ ஒப்புக்கொண்ட பொன்னைப் பேரன் ஏழாம் அல்போன்சோவிடம் கேட்க வேண்டியிருந்தது. பொன் முழுதாகக் கிடைக்கவில்லை, அதற்குப் பதில் காஸ்தீலில் ஒரு மடத்தை எழுதிக்கொடுத்தார்கள். போன இடத்தில் அரபு தெரிந்த அறிஞர்களைப் பார்த்தார். கெட்டன் ஊர்க்காரரான ராபர்ட் என்ற ஆங்கிலேயரையும் இன்னும் சிலரையும் பணம் கொடுத்து அமர்த்தி, குர்ஆனை இலத்தீனில் பெயர்க்கச் சொன்னார். 1143இல் வேலை முடிந்தது. குர்ஆன் முழுவதும் இலத்தீனில் வந்தது அதுவே முதல்முறை. நோக்கம் மறுப்பு எழுதுவதுதான், அதில் ஒளிவுமறைவு இல்லை. ஆனாலும் சிலுவைப்போர் நடக்கும் காலத்தில், எதிராளி என்ன சொல்கிறான் என்று முதலில் படித்துப் பார்ப்போம் என்று நினைத்த துறவி அபூர்வம். அந்த மொழிபெயர்ப்பு நாலு நூற்றாண்டு கழித்து 1543இல் பாசெல் நகரில் அச்சானது.

பீட்டருக்குப் பின் நடந்தது நீண்ட இறக்கம். விரித்துச் சொல்ல அதில் அதிகமில்லை. பிரான்சிஸ்கர், தொமினிக்கர் போன்ற புதிய சபைகள் நகரங்களில் மக்களைப் பிடித்துக்கொண்டன. பிரெஞ்சு அரசர்கள் தங்களுக்கு வேண்டியவர்களை மடாதிபதிகளாக நியமித்தார்கள். ரிஷெலியூ, மசாரின் போன்ற அமைச்சர்கள்கூடக் குளூனியின் மடாதிபதிகள்தான். 1562இல் மதப்போரில் மடம் சூறையாடப்பட்டது. 18ஆம் நூற்றாண்டு நடுவில் துறவிகளே தங்கள் பழைய வாழ்விடங்களை இடித்துவிட்டு அந்தக் காலத்துப் பாணியில் அரண்மனைபோல ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். தேவாலயம் மட்டும் அப்படியே நின்றது.

1790இல் புரட்சி அரசு துறவு சபைகளைக் கலைத்தது. மறு ஆண்டு குளூனியில் துறவு வாழ்க்கை முடிந்தது. 1793இல் உடைப்பும் எரிப்பும். இவ்வளவு நடந்தும் கட்டடம் பெரும்பாலும் நின்றது. அதைத் தீர்த்தது புரட்சிக் கோபம் அல்ல, வியாபாரம். 1798இல் மாக்கோன் வியாபாரிகள் அதைக் கற்களின் விலைக்கு வாங்கினார்கள். நடுக்கூடத்தின் குறுக்கே தெரு வெட்டினார்கள். கோபுரங்களை வெடிமருந்து வைத்துச் சாய்த்து, கல்லைப் பிரித்து விற்றார்கள். 1823வரை கொஞ்சம் கொஞ்சமாக நடந்த வேலை. தலைப்பீடம் இருந்த பக்கத்தில் நெப்போலியன் அரசு குதிரை வளர்ப்புப் பண்ணை வைத்தது. அவ்வளவு பெரிய கோயிலை விற்றுத் தின்ற காட்டுமிராண்டிகள் ஊருக்கு வரமாட்டேன் என்று நெப்போலியன் சொன்னதாக உள்ளூரில் ஒரு கதை உண்டு. அவருடைய ஆட்சியில்தானே வெடி வைத்தார்கள் என்று யாராவது எதிர்க்கேள்வி கேட்டார்களா என்று கதை சொல்லவில்லை.

நம் புதுச்சேரிக் கன்னியர் கதைக்குள் வருவது இந்த நேரத்தில்தான். ஆன் மரி ஷவூயே என்ற பர்கண்டி விவசாயி மகள் 1807இல் தொடங்கிய சபை, 1812இல் குளூனி ஊரில் ஒரு பழைய மடத்தை வாங்கித் தலைமை இல்லமாக்கியது. அதனால்தான் சபையின் பெயரில் குளூனி வந்தது. பெரிய மடத்துக்கும் அவர்களுக்கும் வேறு எந்த வாரிசு உறவும் கிடையாது. ஊரின் ஒரு பக்கம் கோயிலைப் பிரித்து விற்றுக்கொண்டிருந்தபோது மறுபக்கம் அந்தப் பெயர் இன்னொரு வண்டியில் ஏறி வெளியூருக்குப் புறப்பட்டது.

இன்று மிஞ்சியிருப்பது பெரிய குறுக்கு மண்டபத்தின் தென்கை, அதன்மேல் 'தீர்த்தக் கோபுரம்' என்ற எண்கோணக் கோபுரம், பக்கத்தில் ஒரு சிறிய மணிக்கூண்டு. துறவிகள் 18ஆம் நூற்றாண்டில் கட்டிய வாழ்விடத்தில் பொறியியல் கல்லூரி நடக்கிறது. மற்றதையெல்லாம் மண்ணுக்கடியில் தேடியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் கென்னத் கோனன்ட் என்ற அமெரிக்கர். 1928இல் தோண்டத் தொடங்கி, நடுவில் உலகப்போர் வந்தும் விடாமல் 1950வரை தோண்டினார். ஊரையே கிளற முடியாதே. தெருவோரத்தில், தோட்டத்தில் என்று இங்கொரு குழி அங்கொரு குழியாகத் தோண்டி, கிடைத்த அடித்தளத் துண்டுகளை வைத்து முழு ஆலயத்தையும் தாளில் வரைந்து காட்டினார். அவருடைய அளவுகள் சிலவற்றையும் தேதிகளையும் பின்வந்தவர்கள் திருத்தியிருக்கிறார்கள். ஆனாலும் குளூனி என்றதும் நம் கண்முன் வரும் படம் அவர் வரைந்ததுதான்.

தலைப்பீடத்தைச் சுற்றி நின்ற தூண்களின் தலைக்கற்கள் சில இடிபாட்டில் தப்பின. துறவிகளின் பழைய மாவுக் கிடங்கின் மேல்மாடியில், கவிழ்த்த கப்பல்போன்ற மரக்கூரைக்குக் கீழே, இப்போது அவற்றைக் கண்மட்டத்தில் வைத்திருக்கிறார்கள். கட்டிய காலத்தில் அவை தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருந்தவை. அவற்றில் இரண்டு கற்களில் மடத்துப் பாட்டின் எட்டுப் பண்களுக்கும் ஒவ்வோர் உருவம் செதுக்கியிருக்கிறது. மூன்றாம் பண் யாழ்போன்ற கருவியை மீட்டும் ஆள், அவனைச் சுற்றி ஓடும் எழுத்து கிறிஸ்து உயிர்த்ததைச் சொல்கிறது. அடுத்து வரும் நான்காம் பண்ணுக்கு, பாட்டில் ஒப்பாரியைக் காட்டுவது என்று எழுதியிருக்கிறார்கள். உருவம் ஓர் இளைஞன். சற்றே முன்னால் வளைந்து நடக்கிறான், தோளில் ஒரு கம்பு, கம்பில் வரிசையாகச் சிறு மணிகள். சாவு ஊர்வலத்துக்கு மணி அடித்துக்கொண்டு போகிறான்.